துரைக்கண்ணுவுக்குக் கொடுத்த குரல்

ராயபுரத்துல வந்து இக்னேஷியஸ் வூடு எதுன்னு கேட்டீங்கன்னா, எந்த இக்னேஷியஸ்னு திருப்பிக் கேப்பாங்க. அந்தப் பேருல தெருவுக்கு ரெண்டு பேரு கீறாங்க. வாசகம் படிக்கிற இக்னேஷியஸ்னு சொல்லிப் பாருங்க, கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போய் வாசல்ல வுட்டுருவாங்க. ஞாயித்துக்கிழமை கோயில் பூசையில பைபிள்லர்ந்து மொத வாசகம் படிக்கிறது அவருதான். மைக்கு கெட்டுப் போனாலும் கவலையில்ல, வாசல்ல மெழுகுவத்தி விக்கிற அம்மா வரைக்கும் கேக்கும்.

படிப்புன்னு பாத்தா ஒம்பதாவதோட சரி. பொடியனாவே மீன் புடிக்கிற போட்டுல ஏறினவரு. ஒரு நாள் வலை இழுக்கிற இரும்புக் கம்பி அறுந்து முட்டியில அடிச்சுது. அன்னியோட கடல் முடிஞ்சுது. அதுக்கப்புறம் காசிமேடு வலைக்கூடத்துல உக்காந்து கிழிஞ்ச வலையத் தைக்கிற வேலை. கடலுக்குப் போறவனுக்கு இருக்கிற மதிப்பு கரையில குந்தினு ஊசி புடிக்கிறவனுக்கு ஏது? அந்தக் கொறையை அடைச்சது இந்தக் குரலுதான். அது அவருக்கும் நல்லாத் தெரியும். வெனையே அதுதான்.

கோடையில ரெண்டு மாசம் தடைக்காலம். மீனு குஞ்சு பொரிக்கட்டும்னு விசைப்போட்டையெல்லாம் கவர்மெண்டு கரையில நிறுத்தி வெச்சிடும். போட்டுக்குப் பெயிண்டு, இன்ஜினுக்கு ரிப்பேரு, வலைக்குத் தையலு, இதுதான் அப்போ பொழப்பு. வலைக்கூடத்துல கை ரெண்டும் நூலுல மாட்டினு இருக்கும், செல்லை நோண்ட முடியாது. காது மட்டும் சும்மா கெடக்கும். அதனால அங்க ஒரு வழக்கம். தடைக்காலம் பூரா இக்னேஷியஸ் கிளை நூலகத்துல புக்கு எடுத்தாந்து சத்தமா படிப்பாரு. அவரு தைக்க வேண்டிய வலையை மத்தவங்க பங்கு போட்டுத் தைச்சுக் குடுத்துருவாங்க. எங்கியாவது கேட்டிருக்கீங்களா இப்படி ஒரு கூலி?

அவரும் சும்மா படிக்க மாட்டாரு. மறுநாள் படிக்க வேண்டியத மொத நாள் சாயங்காலமே வூட்டுல படிச்சுப் பாத்து, எங்க மூச்சு வுடணுமோ அங்க பென்சில்ல சின்னதா ஒரு கோடு போட்டு வெச்சுக்குவாரு. கோயில் வாசகத்துக்குப் பண்றா மாதிரியே. ஒரு தபா பழக்க தோஷத்துல கதையை முடிக்கும்போது கோயில்ல வாசகத்தை முடிக்கிற 'ஆண்டவரின் அருள்வாக்கு'ங்கிற வார்த்தையச் சொல்லி முடிச்சுட்டாரு. கூடத்துல பாதிப்பேரு ஊசியக் கையில வெச்சுக்கினே கோயில்ல சொல்ற பதிலைச் சொல்லிட்டாங்க. ஒரு வாரம் சிரிச்சாங்க. ஆனா ஒண்ணு, இக்னேஷியஸ் வாயால வந்ததுன்னா அது புக்குல இருக்கிறதுதான்னு எல்லாருக்கும் நம்பிக்கை.

இந்த வருசம் எடுத்தாந்த புக்கு பேரு 'நாலாவது நங்கூரம்'. அட்டையில கத்தி, கத்தியில ரத்தம், பின்னாடி ஒரு கலங்கரை விளக்கம். மீதி மூணு நங்கூரம் எங்கன்னு கேக்காதீங்க, எழுதினவனுக்கே தெரியாது. நடுக்கடல்ல ஒரு போட்டு, அதுல நாலு பேரு. விடிஞ்சு பாத்தா பணக்கார மொதலாளி பொணமா கெடக்கிறான். கதையச் சொல்றவன் மொதலாளியோட சிநேகிதன், ஒரு டாக்டரு. 'நான் பார்த்தேன், நான் கேட்டேன், என் நெஞ்சு நடுங்கியது'ன்னு ஒரே நான் நான்தான். அவன் சந்தேகப்பட்டுக் கை காட்டுற ஆளு போட்டு ஓட்டுற துரைக்கண்ணு. இன்னொருத்தன் சமையக்காரன், அவன் எதுக்கு இருந்தான்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

மொத நாளே கதை நொண்டிச்சு. பக்கம் பக்கமா டாக்டரு மழையப் பாக்கிறான். பசங்க கொட்டாவி வுட்டாங்க. ஜெகதீசன் போட்டுல வேலை செய்யற பென்னி, வாய்த்துடுக்குப் புடிச்ச பையன், "இன்னாணா, கொலைகாரன் வர்றதுக்குள்ள தடைக்காலமே முடிஞ்சுரும் போல கீது"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. இக்னேஷியஸுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவரு படிச்சு ஒருத்தன் கொட்டாவி வுடறதா?

மறுநாள் துரைக்கண்ணு மொதத் தபா வாயத் தொறக்கிற இடம். இக்னேஷியஸ் தொண்டையச் செருமினாரு. 'ம்க்கும்.' அப்புறம் பாதி வார்த்தையத் தொண்டையிலயே நிறுத்தி, கடைசி வார்த்தையக் காத்தா வுட்டுப் படிச்சாரு. அப்புறம் வெடிச்சுது பாருங்க சிரிப்பு! ஏன்னா அது அச்சு அசல் லூர்து குரலு.

லூர்து யாருன்னா, அதே கூடத்துல மூலையில உக்காந்து தைச்சுக்கினு இருந்த ஆளு. ஜெகதீசன் போட்டுல ராத்திரி சுக்கான் புடிக்கிறவன். பேசறதுக்கு முன்னாடி ஒரு செருமல் செருமுவான், அப்பால கூட பேச்சு முழுசா வராது. இக்னேஷியஸை அண்ணான்னு சொல்லிக்கினு பின்னாடியே வளந்தவன். அன்னிக்கு அவனும்தான் சிரிச்சான். "ம்க்கும், இன்னாணா, என்னியே கொலைகாரனாக்கிட்டியே"ன்னு வெக்கப்பட்டுக்கினே சொன்னான். அதக் கேட்டு இன்னும் சிரிச்சாங்க.

அங்கியே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா மனுசன்? அதுக்கப்புறம் பக்கத்து வலைக்கூடத்துலர்ந்தெல்லாம் ஆளு வந்துச்சு. துரைக்கண்ணு பேசற இடம் வந்தா கையத் தட்டினாங்க. புக்குல துரைக்கண்ணு பேசாத எடத்துலகூட இவரு ஒரு 'ம்க்கும்' சேத்துக்கினாரு. டாக்டரு சொல்றதையெல்லாம் நல்லா கணீர்னு, நம்பகமா, கோயில்ல படிக்கிற குரல்ல படிச்சாரு. துரைக்கண்ணு கையில ரத்தக் கறை இருந்துதுன்னு டாக்டரு சொன்னா, அத்தனை பேரு கண்ணும் மூலைக்குப் போச்சு.

இதுல இன்னொரு விசயம் கீது. பல வருசம் முன்னாடி, மழை நாள்ல, ராத்திரி போட்டுலர்ந்து ஜெபசிங்குன்னு ஒரு பையன் கடல்ல வுழுந்து செத்துட்டான். அப்போ மத்தவங்க தூக்கம், சுக்கான்ல லூர்து மட்டும் முழிப்பு. எண்ணூர் பக்கம் ஒடம்பு ஒதுங்கிச்சு. போலீசு விசாரிச்சுது, கால் வழுக்கி வுழுந்தான்னு எழுதி முடிச்சுது. ஊரும் மறந்துருச்சு. லூர்து மட்டும் மறக்கல, வருசா வருசம் அந்தப் பையனுக்குப் பூசை வெப்பான். இப்போ கதையில துரைக்கண்ணு ராத்திரி தனியா முழிச்சுக்கினு இருந்தான்னு வந்ததும், யாரோ ஒருத்தன் மெதுவா, "ஏன்பா, ஜெபசிங் செத்தப்போ கூட..."ன்னு ஆரமிச்சான். மீதியை யாரும் சொல்லல. சொல்லத் தேவையும் இல்ல.

அப்பால லூர்துவை யாரும் லூர்துன்னு கூப்புடல. "துரைக்கண்ணு, டீ குடிச்சியா?" "துரைக்கண்ணு, அந்த நூலை எடு." அவன் மொதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிக்கிறா மாதிரி வாய வெச்சுக்கினான். அப்புறம் தலை குனிஞ்சு தைச்சான். இக்னேஷியஸுக்கு இது தெரியாதான்னு கேட்டா, தெரியும். புக்குலர்ந்து தலையத் தூக்கும்போதெல்லாம் அந்த மூலை கண்ணுல படத்தான் செஞ்சுது. ஜனங்க கைதட்டு அதவிட நல்லாத் தெரிஞ்சுது, அவ்ளோதான்.

தடைக்காலம் முடியற சமயம், போட்டு ஓனரு ஜெகதீசன் அடுத்த சீசனுக்கு ஆளு சேக்க கூடத்துக்கு வந்தாரு. ஒரு தபா போனா பத்து நாளு, பதினைஞ்சு நாளு கடல்லியே தங்கற போட்டு அது. பென்னி நெளிஞ்சுக்கினே, "நைனா, லூர்து சுக்கான் புடிச்சா எங்களுக்குத் தூக்கம் வருமா?"ன்னான். விளையாட்டாத்தான் சொன்னான். ஆனா கூட இருந்த பசங்க யாரும் சிரிக்கல. ஜெகதீசன் தாடையச் சொறிஞ்சுக்கினு, "சரி வுடு, கதை முடியட்டும். துரைக்கண்ணு தப்பிச்சா லூர்து நம்ம போட்டுல"ன்னாரு. அவரும் விளையாட்டாத்தான் சொன்னாரு. கடலுக்குப் போறவனுக்குப் பூனை குறுக்கே போனாலே ஆயிரம் யோசனை. இது சகுனமா நின்னுருச்சு. லூர்து ஊசியக் கீழ வெச்சிட்டு இக்னேஷியஸைப் பாத்தான்.

இக்னேஷியஸ் இன்னா சொன்னாரு தெரியுமா? "துரைக்கண்ணு இல்லாம வேற எவன்? அவன் இல்லன்னா என் மீசைய எடுத்துடறேன்"ன்னு கூடமே கேக்க உதார் வுட்டாரு.

அன்னிக்கு சாயங்காலம் வூட்டுல உக்காந்து கடைசி அத்தியாயத்தைப் பிரிச்சாரு. பென்சிலும் கையுமா கோடு போட்டுக்கினே வந்தவரு, கடைசிப் பக்கத்துல ஒரு வரிக்குக் கோடு போட்ட கையோட நின்னுட்டாரு. டாக்டரு சொல்றான்: அன்பான வாசகரே, கொன்னது நாந்தான், இதுவரைக்கும் நான் உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய். அவ்ளோதான், கதை முடிஞ்சுது.

வந்துது பாருங்க கோவம்! இது ஒரு கதையா? புக்கைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. டாக்டரு பொய் சொல்றான்னு எங்கியாவது ஒரு துளி வெச்சிருக்கானான்னு தேடினாரு. ஒண்ணு கெடையாது. ரத்தக் கறைன்னான், அது எங்கிருந்து வந்துது? பதில் இல்ல. கடைசியில வந்து எல்லாம் பொய்னு சொல்லிட்டு எழுந்து போறான், சாப்ட்டுட்டுக் காசு குடுக்காம போறவன் மாதிரி. இப்படி ஒரு கஸ்மாலத்துக்கா இத்தனை நாளு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினோம்னு புக்கைத் தூக்கிக் கட்டில்ல போட்டாரு.

கோவம் அடங்கினப்பறம்தான் இன்னொண்ணு மெதுவா வந்து உக்காந்துச்சு. துரைக்கண்ணு ஒண்ணும் பண்ணல. லூர்து தப்பிச்சான். நாளைக்கு இந்தப் பக்கத்தை உள்ளபடி படிச்சா முடிஞ்சுது வேலை. அந்த நிமிசம் அவருக்கு நெஞ்சுக்குள்ள நிம்மதியா இருந்துதுன்னு சொல்லத்தான் எனக்கும் ஆசை. இல்ல. மீசையத் தடவிப் பாத்துக்கினாரு.

மறுநாள் கூடத்துல நிக்க எடமில்ல. பென்னி ஒரு தட்டுல சவரக் கத்தி, சோப்பு, பிரஷ்ஷுன்னு வெச்சுக்கினு முன்னாடி வந்து குந்தினான். ஜெகதீசன் நாற்காலி போட்டு உக்காந்தாரு. லூர்து மூலையில இல்ல, அன்னிக்கு மொத வரிசையில இருந்தான். சலவைச் சட்டை போட்டுக்கினு வந்திருந்தான். அத நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

இக்னேஷியஸ் படிச்சாரு. கடைசிப் பக்கம் வந்துது. அவரு உள்ளபடி படிக்கத்தான் வாயத் தொறந்தாரு, அதை நான் நம்பறேன். பென்னி கத்தியை டிக்குனு மடக்கித் தொறந்தான். "அண்ணா மீசைக்கு வந்துது டோய்!"னு பின்னாடி ஒரு குரலு, அதுக்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவரைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு. கண்ணு புக்குலதான் இருந்துச்சு, வாய் வேற எங்கியோ போச்சு.

"துரைக்கண்ணு தலையைக் குனிந்தான். ம்க்கும்... ஆமாங்க டாக்டரு... நாந்தாங்க பண்ணேன்..."

லூர்து குரல்லியே. கடைசி வார்த்தை காத்தா போச்சு, எப்பவும் போறா மாதிரி. கூடம் பிச்சுக்கிச்சு கைதட்டுல. பென்னி தட்டைத் தூக்கி எறிஞ்சான். அந்தக் குஷியில, தன்னையறியாம, கோயில்ல முடிக்கிற அந்த வார்த்தையும் இக்னேஷியஸ் வாய்லர்ந்து வந்துருச்சு. எல்லாரும் பதில் சொன்னாங்க. இந்தத் தபா யாரும் சிரிக்கல.

லூர்து எழுந்து, ஊசியிலர்ந்து நூலைக் கழட்டிச் சுருட்டி வெச்சான். வேட்டிய ஒதறிக் கட்டிக்கினு வெளிய போனான். ஜெகதீசன் அவன் பின்னாடியே போய் தோள்ல கை போட்டு, "தப்பா நெனைக்காத லூர்து, பசங்க பிரியப்படல"ன்னது இக்னேஷியஸ் காதுல வுழுந்துச்சு. அன்னிக்கே புக்கை எடுத்தும்போய் லைப்ரரியில போட்டுட்டாரு, கை சுடற பண்டம் மாதிரி.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு, கோயில் மைதானத்துல லூர்து பொண்ணு ஹெப்சிபா வந்து நின்னா. காலேஜுல படிக்கிற பொண்ணு. பையிலர்ந்து புக்கை எடுத்தா, அதே கத்தி, அதே ரத்தம்.

"பெரிப்பா, அப்பா ஒரு வாரமா யாராண்டயும் பேசல. அப்படி இன்னாதான் கதைன்னு லைப்ரரியில எடுத்துப் படிச்சேன். இதுல கொன்னது டாக்டருன்னு போட்டுக்கீது."

அழகா ஒரு வாய்ப்பு. ஆமாம்மா, தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை போதும். இந்த மனுசன் இன்னா சொன்னாரு?

"அது வேற பதிப்பும்மா. நான் படிச்சது பழசு. இதுல முடிவ மாத்திப் போட்டுட்டானுங்க."

பொண்ணு சண்டை போடல, குரல ஒசத்தல. கடைசிப் பக்கத்தைப் பிரிச்சு அவரு முன்னாடி நீட்டினா. 'கொன்றது நான்தான்'ங்கிற வரிக்குப் பக்கத்துல, மூச்சு வுடறதுக்குன்னு சின்னதா, நேரா, பென்சில் கோடு.

"கோயில்ல உங்க வாசகப் புஸ்தகத்துலயும் இப்படித்தான் போடுவீங்க. பாத்திருக்கேன், பெரிப்பா."

சொல்லிட்டுப் புக்கை அவரு கையிலயே குடுத்துட்டுப் போயிட்டா. சுத்தி ஜனங்க தோத்திரம் சொல்லிக்கினு, கொழந்தைங்களத் தூக்கிக்கினு போயினு இருந்தாங்க. வாசகம் நல்லா இருந்துச்சுன்னு ஒரு அம்மா இவரு கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போச்சு. இக்னேஷியஸுக்கு ஒடம்பெல்லாம் கூசிச்சு. மண்ணு பொளந்தா உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. மகளா நெனச்ச பொண்ணுகிட்ட, கோயில் வாசல்ல நின்னுக்கினு, சாட்சியைக் கையில வெச்சிருக்கவகிட்டயே பொய் சொன்னாரே! வூட்டுக்கு வந்தாரு. கண்ணாடி முன்னாடி நின்னு மீசைய அவரே வழிச்சாரு. வழிச்சப்பறம் பாத்தா, அந்த மூஞ்சி யாருதுன்னே தெரியல.

மறுநாள் வலைக்கூடத்துக்குப் போனாரு. மீசையில்லாத மூஞ்சியப் பாத்து எல்லாரும் வேலைய நிறுத்திட்டாங்க. நின்னுக்கினே சொன்னாரு. "அன்னிக்கு நான் படிச்சது புக்குல இல்ல. நானா இட்டுக்கட்டினது. மீசைக்குப் பயந்து பொய் சொன்னேன். துரைக்கண்ணு ஒண்ணும் பண்ணல." அப்புறம் கடைசி அத்தியாயத்தை உள்ளது உள்ளபடி படிச்சாரு. எந்தக் குரலும் போடல.

முடிச்சதும் பென்னிதான் மொதல்ல வாயத் தொறந்தான், குரல்ல அப்படி ஒரு பாசம். "இன்னா மனசுணா உனக்கு! லூர்துக்குப் போட்டு கெடைக்கணும்னு மீசைய வேற எடுத்துக்கினு வந்துகீறியே."

"டேய், மெய்யாலுமேடா! நீயே படி, இந்தா."

பென்னி வாங்கிப் படிச்சான். உதடு அசைய மெதுவா, ரெண்டு தபா படிச்சான். அப்புறம் தலையச் சொறிஞ்சான்.

"சரிணா, புக்குல அப்படித்தான் கீது. ஆனா இந்த டாக்டரு புக்கு பூரா பொய் சொல்லிக்கினு வந்தவன்தானே? கடைசியில சொல்றது மட்டும் நெசம்னு எப்படி நம்பறது? நீயும்தான் அன்னிக்கு ஒண்ணு படிச்சே, இன்னிக்கு ஒண்ணு படிக்கிறே." அவன் குத்திக் காட்டச் சொல்லல, மெய்யாவே புரியாமத்தான் கேட்டான். "நாங்க எத நம்பறதுணா?"

இக்னேஷியஸ் புக்கைத் திருப்பி வாங்கிக்கினாரு. ஜெகதீசன்கிட்ட நேரா போய்ச் சொன்னாரு. அவரு முழுசாக் கேட்டுட்டு, "நான் நம்பறேன் இக்னேஷி. எனக்கு எப்பவுமே அவன் மேல சந்தேகம் கெடையாது. போட்டுல தூங்கப்போறது நானா? பசங்கதானே"ன்னாரு. அவரு போட்டுக்கு வேற ஆளு சேத்தாச்சு. மத்த போட்டுக்காரங்க காதுக்கும் விசயம் எப்பவோ போயாச்சு.

லூர்து இப்போ கடலுக்குப் போறதில்ல. காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கம்பெனியில, கான்ட்ராக்ட்டுல கூட்டிப் பெருக்கற வேலை. காலையில கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புல வேன் வந்து ஏத்திக்கினு போவும். இக்னேஷியஸ் அடிபட்ட காலை இழுத்துக்கினு அங்க போய் நின்னாரு. லூர்து கம்பெனி குடுத்த பச்சைச் சட்டையில, சோத்து டப்பாவோட நின்னுக்கினு இருந்தான்.

"லூர்து, நான் பண்ணது பாவம்டா. கூடத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். எவனும் நம்பல."

"கேள்விப்பட்டேன்ணா."

"கொன்னது டாக்டருதான்டா. துரைக்கண்ணு இல்ல."

லூர்து செருமினான். "ம்க்கும். அந்த டாக்டரு எக்கேடு கெட்டா எனக்கு இன்னாணா? ஜெபசிங் விசயத்துல நீ இன்னா நெனைக்கிறே? அத்த மட்டும் சொல்லு."

இக்னேஷியஸ் அவன் ரெண்டு கையையும் புடிச்சுக்கினாரு. "உன் மேல ஒரு துளி தப்பு கெடையாதுடா லூர்து. ஆண்டவர் சாட்சியா சொல்றேன். நீ சுத்தமானவன்." கண்ணுல தண்ணி முட்டிக்கினு வந்துருச்சு. வாழ்நாள்ல இதைவிட உண்மையா அவரு ஒரு வார்த்தை பேசினதில்ல. அதுவும் தெளிவா, நிறுத்தி, மூச்சு வுட வேண்டிய எடத்துல மூச்சு வுட்டு, கணீர்னு வந்துச்சு.

வேன் வந்து நின்னுது. லூர்து கையை மெதுவா உருவிக்கினான்.

"நீ நல்லா படிக்கிறேணா"ன்னான். சோத்து டப்பாவை எடுத்துக்கினு வேன்ல ஏறி, ஜன்னலோரமா உக்காந்தான்.